ஒத்தையடிப் பாதையில் சைக்கிள் விடலாமா?

மூணாறு பக்கம் தேவிகுளத்துக்குக் கீழே, ஒரு எஸ்டேட் லயத்திலிருந்து (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மெயின் ரோட்டுக்கு ஏறும் குறுக்குப்பாதை ஒன்று இருக்கிறது. ஜீப் ரோட்டில் சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம் ஆகும், இதில் ஏறினால் கால் மணி. இரண்டு பக்கமும் தேயிலை இடுப்பளவுக்கு நிற்கும். ஒரு ஆள் போகிற அகலம்தான். எதிரே யாராவது வந்தால் ஒருவர் செடிக்குள் ஒதுங்க வேண்டும். பள்ளிக்கூடம் போன பத்து வருடமும் நான் நடந்த பாதை அது.

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதில் ஏறிக்கொண்டிருந்தேன். எதிரே லயத்து அக்கா ஒருவர் தலையில் விறகுக் கட்டோடு இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால், மேல் வளைவில், ஹெல்மெட் போட்ட மூன்று பேர் கியர் சைக்கிளில் வருவது எனக்குத் தெரிந்தது. அக்காவுக்குத் தெரியாது. தலையில் கட்டு இருக்கும்போது கழுத்து திரும்பாது, உடம்போடுதான் திரும்ப வேண்டும், அதற்கு அந்தப் பாதையில் இடம் இல்லை. "அக்கா, ஒதுங்குங்க!" என்று நான் கத்தியதும் முதலில் வந்த பையன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தான். பின் சக்கரம் சுற்றாமல் அப்படியே சறுக்கிக்கொண்டு வந்து, அக்காவுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. "சாரி சேச்சி, சாரி" என்றான். கொச்சிப் பக்கத்துப் பையன். நல்ல பையன்தான், முகம் வெளுத்துப் போயிருந்தது. அக்கா திரும்பாமலே சொன்னார்: "மணி அடிச்சுட்டு வந்தா என்ன தம்பி? சுமையோட நான் எங்கிட்டுத் திரும்பிப் பாக்குறது?"

அந்த சைக்கிளில் மணியே கிடையாது.

அவர்கள் போன பிறகு குனிந்து பார்த்தேன். சக்கரம் சறுக்கிய இடத்தில் நாலடி நீளத்துக்கு மேல்மண் உரிந்து, அடியில் இருந்த செம்மண் தெரிந்தது. விரல் ஆழம்கூட இல்லை. அதை மறந்துவிட்டுப் போய்விட்டேன், ஜூன் மழையில்தான் மறுபடி பார்த்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் இதே பேச்சு. சைக்கிளை மலைக்கே விடக் கூடாது என்றார் ஒருவர். ஹோம்ஸ்டே வைத்திருக்கும் இன்னொருவர், "சைக்கிள்காரன் எங்கேயும் குப்பை போட்டு நான் பாக்கல, ட்ரெக்கிங்னு கும்பலா வர்றவன்தான் போடுறான்" என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் காலா சக்கரமா என்று கேட்டுக்கொண்டிருக்கும் வரை இதற்கு முடிவு வராது என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தப் பாதை, எந்த மாதம், எவ்வளவு வேகம் என்று கேட்டால் முடிவு வரும். அதற்கு இந்த வழக்கு எங்கே தொடங்கியது என்று தெரிந்துகொள்வது உதவும்.

நமக்குத்தான் இது புதிது. அமெரிக்காவில் இதற்கு ஐம்பது வயது ஆகிறது. கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுன்டி என்ற மலைப்பகுதி. 1970-களில் அங்கே சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை மேலே கொண்டு போய், காட்டுத் தீ அணைக்கிற வண்டிகளுக்காகப் போட்டிருந்த மண் ரோடுகளில் உருட்டிக்கொண்டு இறங்கினார்கள். 1976 அக்டோபரில் அப்படி ஒரு ரோட்டில் போட்டியே வைத்தார்கள். சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் 400 மீட்டர் இறக்கம். அந்தக் காலத்து சைக்கிளில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் சக்கர அச்சுக்குள் இருக்கும் கிரீஸ் சூட்டில் எரிந்து புகைந்துவிடும், ஒவ்வொரு தடவையும் புதிதாக அடைக்க வேண்டும். அதனால் அந்த ரோட்டுக்கே 'ரீபேக்', அதாவது மறுபடி அடைப்பது, என்று பெயர் வந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் தொடங்கியது வண்டி போகிற அகல ரோட்டில். சண்டை அப்போது பெரிதாக இல்லை. 1980-களில் கம்பெனிகள் மலை சைக்கிளைக் கடையில் விற்கத் தொடங்கி, ஓட்டுகிறவர்கள் பெருகி, ஒத்தையடிப் பாதைக்குள் இறங்கிய பிறகுதான் நடக்கிறவர்களும் குதிரைக்காரர்களும் எதிர்த்து எழுந்தார்கள். 1988-ல் சைக்கிள்காரர்கள் தங்களுக்கென்று சர்வதேச மலை சைக்கிள் சங்கம் அமைத்ததும் அந்த எதிர்ப்பைச் சமாளிக்கத்தான்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவின் 1964-ஆம் வருட வனாந்தரச் சட்டம், பாதுகாக்கப்பட்ட காடுகளில் மோட்டார் மட்டும் கூடாது என்று நிறுத்தாமல் "வேறு எந்த வகை இயந்திரப் போக்குவரத்தும்" கூடாது என்றது. சைக்கிள் அதில் சேருமா என்று கேள்வி எழுந்தது, 1984-ல் வனத்துறை விதி அதைப் பெயர் சொல்லியே தடுத்தது. இங்கிலாந்தில் 1968-ஆம் வருடச் சட்டம் குதிரைப் பாதைகளில் சைக்கிளை விட்டது, ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள்தான் வழிவிட வேண்டும் என்று சேர்த்தே சொன்னது. நடைபாதைகளில் அந்த உரிமை இல்லை. ஸ்காட்லாந்து 2003-ல் நடப்பவர், சைக்கிள், குதிரை எல்லோருக்கும் பொறுப்போடு போகும் உரிமையைக் கொடுத்துவிட்டது. ஜெர்மனியில் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் 2 மீட்டர் கணக்கு. அதைவிட அகலம் குறைந்த காட்டுப்பாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது, தனியாக விலக்கு கொடுத்த பாதைகள் தவிர. அங்கே சைக்கிள்காரர்களுக்கு இந்த விதி மேல் ரொம்ப நாளாகக் கோபம். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை, கையை விரித்து நின்றாலே யாரும் அளந்துவிடலாம். நம் குறுக்குப்பாதை எதுவும் அந்த அளவில் பாதிகூட வராது.

சரி, மண் விஷயத்துக்கு வருவோம். சைக்கிள்தான் பாதையை அதிகம் கெடுக்கும் என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். காலடி தனித்தனியாகப் பதியும், சக்கரம் விடாமல் ஒரு கோடு போடும், மழைத் தண்ணீருக்கு ஒரு கோடு கிடைத்தால் போதும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1994-ல் வெளியான மொன்டானா மாநில ஆய்வு ஒன்று வேறு மாதிரி சொல்கிறது. மலைப்பாதைகளில் ஆட்களை நடக்கவிட்டு, குதிரை, சைக்கிள், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் தனித்தனியாக ஓட்டவிட்டு, செயற்கை மழை பெய்வித்து எவ்வளவு மண் பெயர்ந்து வருகிறது என்று அளந்தார்கள். ஈரமான பாதையில் சக்கரத்தைவிடக் குளம்பும் காலும்தான் அதிக மண்ணைப் பெயர்த்திருந்தன. யோசித்தால் புரிகிறது. இறக்கத்தில் நடக்கிறவன் உடம்பின் முழு எடையையும் குதிகாலில் போட்டு ஊன்றுகிறான், ஒவ்வோர் அடியும் ஒரு சின்ன வெட்டு. சக்கரம் பூட்டாமல் உருண்டால் மண்ணை அழுத்துமே தவிரக் கிளறாது.

கனடாவில் ஒன்டாரியோவில் 2001-ல் இன்னொரு சோதனை. பாதையே இல்லாத காட்டுத் தரையில் 500 தடவை வரை ஆட்களையும் சைக்கிளையும் தனித்தனியாகப் போகவிட்டுச் செடி எவ்வளவு போயிற்று, மண் எவ்வளவு தெரிந்தது என்று பார்த்தார்கள். இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. சேதத்தின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது, அப்புறம் எத்தனை பேர் போனாலும் அந்த வேகத்தில் ஏறுவதில்லை. அதாவது மிதிபட்ட பாதையில் நூறு பேர் போவதைவிட, புல்மேட்டில் புதிதாகப் பத்துப் பேர் இறங்குவது மோசம். இது காலுக்கும் பொருந்தும், சக்கரத்துக்கும் பொருந்தும்.

இந்த ஆய்வுகளைக் காட்டி சைக்கிளால் ஒரு கெடுதலும் இல்லை என்று வாதாடுபவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ஓட்டியவர்கள் அளவாக ஓட்டினார்கள். அந்த டிசம்பர் காலையில் நான் பார்த்தது போலச் சக்கரத்தைப் பூட்டிச் சறுக்குவது வேறு விஷயம், அது மண்வெட்டியால் இழுப்பதற்குச் சமம். செங்குத்து இறக்கத்தை வேகமாக இறங்குவதையே விளையாட்டாக வைத்திருப்பவர்கள் இதைத்தான் வளைவுக்கு வளைவு செய்கிறார்கள். அப்புறம், அங்கே பெய்த மழை நம் மழை இல்லை. ஜூனில் தொடங்கினால் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மூணாறு மேட்டை விடுவதில்லை.

பாதை போடத் தெரிந்தவர்கள் கால், சக்கரம் என்று பார்ப்பதற்கு முன்னால் சரிவைப் பார்க்கிறார்கள். அவர்களிடம் ஒரு எளிய கணக்கு உண்டு. மலைச்சரிவு எவ்வளவோ அதில் பாதியைவிடப் பாதையின் சரிவு குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து கீழ்ப்பக்கம் போகும். அதைத் தாண்டினால் தண்ணீர் பாதை வழியாகவே ஓடும், பாதை ஓடையாகிவிடும். சராசரி ஏற்றம் 100 அடிக்கு 10 அடிக்குள் இருக்க வேண்டும் என்பது இன்னொரு கணக்கு. நம் குறுக்குப்பாதைகளை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் ஒன்றுகூடத் தேறாது. காலையில் பேர் எடுக்கிற மஸ்டர் நேரத்துக்குள் மேலே போய்ச் சேர வேண்டும் என்று ஆட்கள் மிதித்து உண்டாக்கிய பாதைகள் அவை, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராக இறங்கும். எஸ்டேட் ஜீப் ரோடுகள் அப்படி இல்லை. சரிவு பார்த்து, வளைத்து வளைத்து, உள்பக்கம் வாய்க்கால் வெட்டி, நூறடிக்கு ஒரு கல்வர்ட் வைத்துப் போட்டவை. பல பத்து வருட மழையைத் தாங்கி நிற்கின்றன. சைக்கிள்காரர்கள் கேட்டால் நான் கை காட்டுவது அந்த ரோடுகளைத்தான். மரின் கவுன்டியிலும் இப்படிப்பட்ட ரோட்டில்தானே தொடங்கினார்கள்.

சேறு வந்தால் நடப்பவர்கள் செய்வதையும் சொல்ல வேண்டும். நடுவில் சேறு என்றால் ஓரமாகப் புல் மேல் போவோம். அடுத்தவர் அதற்கும் ஓரமாகப் போவார். ஒரு பருவம் முடியும்போது ஒரு பாதை நான்கு பாதையாகியிருக்கும். ஆட்கள் அதிகம் போகிற எந்தப் புல்மேட்டிலும் இதைப் பார்க்கலாம். அந்தப் புல்லுக்கு அடியில் இருப்பது கறுப்பாக, பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும் மண். புல்மேடும் சோலையும் சேர்ந்து மழையைப் பிடித்து வைத்து மெதுவாக விடுவதால்தான் மார்ச் மாதத்திலும் லயத்துக் குழாயில் தண்ணீர் வருகிறது. அது உரிந்தால் ஒரு தலைமுறையில் திரும்பாது. அங்கே சைக்கிள் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நடப்பவர்களும் ஒரே வரிசையில், சேற்றிலேயே கால் வைத்துப் போக வேண்டும் என்பதிலும் சந்தேகம் இல்லை.

விலங்குகள் விஷயம் இன்னும் சிக்கல். அமெரிக்காவில் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் பெருங்கொம்புக் காட்டு ஆடுகளை வைத்து நடந்த ஆய்வு 2001-ல் வெளியானது. நடப்பவர்களைக் கண்டபோது 61 சதவீத நேரங்களில் ஆடுகள் ஓடின. வண்டிகளைக் கண்டபோது 17 சதவீதம், சைக்கிளைக் கண்டபோது 6 சதவீதம்தான். காரணம், வண்டியும் சைக்கிளும் ரோட்டை விட்டு விலகவில்லை. ஆடுகளுக்கு அது பழகிப்போனது. நடப்பவர்களோ நினைத்த இடத்தில் முளைத்தார்கள், சில சமயம் நேராக ஆட்டை நோக்கியே போனார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ராஜமலைதான் ஞாபகம் வந்தது. இரவிகுளம் தேசியப் பூங்காவில் அந்தத் தார் ரோட்டு ஓரத்தில் வரையாடு நம்மைக் கண்டுகொள்ளாமல் மேய்ந்துகொண்டிருக்கும். அதே ஆடு ஆளில்லாத பாறை மேட்டில் நம்மை அரை மைல் தூரத்தில் பார்த்தாலே மறைந்துவிடும். விலங்குக்குப் பயம் தருவது எதிர்பாராதது. அந்தப் பூங்காவில் ஒவ்வொரு வருடமும் வரையாடு குட்டி போடுகிற சமயம், பிப்ரவரி மார்ச் மாதங்களில், யாரையும் உள்ளே விடுவதில்லை. மாதம் பார்த்துப் பாதையை மூடுவது நமக்குத் தெரியாத வித்தை ஒன்றுமில்லை.

ஓரிகான் மாநிலத்தில் எல்க் மான்களை வைத்து 2009-ல் வந்த ஆய்வு மாறாகச் சொல்கிறது. மோட்டார் வண்டிக்கு அடுத்தபடி மான்களை அதிகம் அலைய வைத்தது சைக்கிள், அப்புறம்தான் நடப்பவரும் குதிரையும். இரண்டு ஆய்வும் பொய் இல்லை. திறந்த பாறை வெளியில் ஆடு சைக்கிளைத் தூரத்திலேயே பார்த்துவிடுகிறது, காட்டுக்குள் மான் பார்ப்பதில்லை. அதோடு ஒரு காலைப் பொழுதில் நடப்பவர் ஐந்து கிலோமீட்டர் போனால் சைக்கிள்காரர் இருபது போகிறார். ஒரு சந்திப்பில் அவரால் தொந்தரவு குறைவு என்று வைத்துக்கொண்டாலும், சந்திப்புகள் நாலு மடங்கு.

நம் காட்டில் எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி யானை. சின்னாறு, மறையூர் பக்கம் முதுவான், மலைப்புலையர் பழங்குடிகளைச் சேர்ந்த வனத்துறை வாச்சர்களோடு நடந்தவர்களுக்கு இது தெரியும். வளைவுக்கு முன்னால் நின்றுவிடுவார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார்கள். மூங்கில் முறிகிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பார்கள். பாதையில் கிடக்கும் யானைச் சாணத்தைக் கால் பெருவிரலால் தள்ளிப் பார்ப்பார்கள். உள்ளே ஆவி வந்தால் ஒரு வார்த்தை பேசாமல் எல்லோரையும் கையால் பின்னுக்குத் தள்ளுவார்கள். ஒரு தடவை வாச்சர் அண்ணன் ஒருவரிடம், எப்படி அண்ணே யானை நிற்பது தெரிந்தது என்று கேட்டேன். "வாடை வந்துச்சு. உனக்கு வரலையா?" என்றார். எனக்கு வரவில்லை.

அந்த வாடையை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் பிடிக்க முடியாது. அந்த வேகத்தில் ஒரு செகண்டில் 7 மீட்டர் போய்விடுகிறோம். கண் பார்த்து, மனசுக்கு உறைத்து, கை பிரேக்கைத் தொடுவதற்கே ஒரு செகண்டு ஆகும். சோலைக்குள் நம் வளைவுகளில் 7 மீட்டர் முன்னால் தெரிகிற இடமே அபூர்வம். சைக்கிள் சத்தம் போடாமல் வேறு வருகிறது. 2016-ல் மொன்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்கா ஓரத்தில் வனத்துறை அதிகாரி ஒருவர் சைக்கிளில் வளைவு திரும்பிய வேகத்தில் கரடி மீதே மோதினார். கரடி அவரைக் கொன்றுவிட்டது. காடு தெரியாத ஆளில்லை அவர். சத்தமில்லாமலும் வேகமாகவும் ஒரே சமயத்தில் காட்டுக்குள் போவதுதான் ஆபத்து.

அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள், மே மாதம் அது தமிழ்நாட்டில் கம்பம் ஊர்த் தெருவில் நின்றது. ஒரு யானையைக் கொண்டுபோனதால் ஆனையிறங்கல் பக்கம் யானை இறங்காமல் போய்விடவில்லை. ஊர்ப் பெயரே அதைத்தான் சொல்கிறது. அங்கே ஏலக்காட்டுக்குள் போகும் நடைத்தடத்தில், விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் சைக்கிள் ஓட்டுவதை யார் விளம்பரம் செய்தாலும் அது ஆள் உயிரோடு விளையாடுவது.

இவ்வளவு சொன்ன பிறகு, நடப்பவர்கள் பக்கம் நின்று தீர்ப்பு சொல்லிவிடலாம் போலத் தோன்றும். அப்படிச் சொல்ல குரங்கணி விடாது.

2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து போடிப் பக்கம் குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் காட்டுத் தீயில் சிக்கின. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள், பெண்கள் அதிகம். ஆஸ்பத்திரியில் இறந்தவர்களையும் சேர்த்து 23 உயிர் போயிற்று. அந்த இரவு போடிமெட்டிலிருந்து பார்த்தபோது எதிர்மலையில் சிவப்புக் கோடு ஊர்வது தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் பலருக்கு இன்றும் அந்த மாதம் வந்தால் தூக்கம் வருவதில்லை. இறந்தவர்கள் யாரும் பாதையைக் கெடுக்கவில்லை, ஒரு செடியை ஒடிக்கவில்லை. காய்ந்த புல் ஆள் உயரம் நிற்கும் மார்ச் மாதத்தில் அந்தச் சரிவில் அவர்களை இருக்க விட்டிருக்கக் கூடாது. அவ்வளவுதான், ஆனால் அந்த அவ்வளவுதான் 23 பேர். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் அதே வருடம் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளைக் குறித்து, உள்ளூர் வழிகாட்டிகளோடு, முன்பதிவு வைத்து நடத்தத் தொடங்கியது. கேரளப் பக்கம் மீசைப்புலிமலைக்கு வன வளர்ச்சிக் கழகம் அப்படித்தான் ஆள் அனுப்புகிறது. நடையானாலும் கணக்கு வைத்துத்தான் விட வேண்டும் என்பது நாம் கொடுத்த விலைக்குக் கிடைத்த அறிவு.

பாதை யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. வெளிநாட்டு வாதத்தில் இது வருவதே இல்லை. அங்கே நடப்பவர், ஓட்டுபவர் இரண்டு பேருமே பொழுதுபோக்க வந்தவர்கள். இங்கே அந்தப் பாதையில்தான் ஒருவருக்கு வேலை, ரேஷன் கடை, பிரசவம் எல்லாம். முதுகில் பிள்ளையையும் சுமையையும் கட்டிக்கொண்டு மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்லும் முதுவான் மக்கள் மிதித்த தடங்கள்தான் இந்த மலையின் முதல் பாதைகள். எஸ்டேட் வந்தபோது போடியிலிருந்தும் அதற்கப்பால் இருந்தும் நம் ஆட்கள் கோட்டகுடி வழியாக ஏறி வந்தார்கள். 1902-ல் குண்டலப் பள்ளத்தாக்கில் தண்டவாளம் போட்டு டாப் ஸ்டேஷன் வரை தேயிலை கொண்டுபோனார்கள், அங்கிருந்து கம்பிவடத்தில் கோட்டகுடிக்கு இறங்கியது. கொல்லம் ஆண்டு 1099 என்று கேரளத்தில் இன்றும் சொல்லும் 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. நடைபாதை மட்டும் மிஞ்சியது. வார இறுதியில் வருகிறவர் 'ட்ரெயில்' என்று சொல்வதற்கு நம்மிடம் பெயர் தனியாகக் கிடையாது. வீட்டுக்குப் போகிற வழி, அவ்வளவுதான். அதனால் நடப்பவர் முதலா ஓட்டுபவர் முதலா என்று யாராவது கேட்டால், சுமை தூக்கி வருகிறவர் முதல் என்பதுதான் என் பதில். மற்ற இரண்டு பேரும் செடிக்குள் ஒதுங்கட்டும்.

கொடைக்கானல் மூணாறு பழைய ரோட்டைப் பற்றி சைக்கிள்காரர்கள் எப்போதும் கேட்பார்கள். 1942-ல் ஜப்பான்காரன் வந்துவிட்டால் தப்பி ஓடுவதற்கென்று செப்பனிட்டு, 'எஸ்கேப் ரோடு' என்று பெயரான ரோடு. வந்தரவு பக்கத்தில் 2,400 மீட்டருக்கு மேல் ஏறும். 1990-ல் மூடிவிட்டார்கள். ரோடுதானே, சரிவு பார்த்துப் போட்டதுதானே, சைக்கிளை விட்டால் என்ன என்று கேட்கிறார்கள். என் கணக்குப்படியே பார்த்தால் அவர்கள் வாதம் சரிதான் போலிருக்கும். ஆனால் அது போகிற வழியில் பாம்பாடும் சோலை 2003-லேயே தேசியப் பூங்காவாகிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் வண்டி போகாத ரோடு, காட்டெருமையும் யானையும் நடந்து பழகிய தடமாக மாறிவிட்டது. வட்டவடை, கோவிலூர்ச் சனங்கள் பூண்டும் கேரட்டும் கொண்டுபோக அந்த வழியைக் கேட்டால் அதில் ஒரு நியாயம் உண்டு. விளையாட்டுக்காகக் கேட்பதற்கு அந்த நியாயம் இல்லை.

சைக்கிளை ஒதுக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. நானும் ஓட்டுபவன்தான். ஜீப் ரோட்டில் பனிமூட்டத்துக்குள் மிதித்துக்கொண்டு ஏறி, மேட்டில் வெயில் அடிக்கும்போது இறங்கி நிற்கிற சுகம் எனக்கும் தெரியும். கேரளமே இதற்கு வழி காட்டியும் இருக்கிறது. வயநாட்டில் மானந்தவாடிப் பக்கம் பிரியதர்சினி தேயிலைத் தோட்டத்துக்குள் தடம் அமைத்து சர்வதேசப் போட்டிகள் நடத்தினார்கள். 2023 அக்டோபரில் ஆசிய மலை சைக்கிள் போட்டியே பொன்முடியில் நடந்தது. வேகம் வேண்டும், குதிக்க வேண்டும் என்பவர்களுக்கு அப்படித் தனித் தடம்தான் சரி. எதிரே ஆள் வராது, வளைவுக்கு அப்பால் யானை நிற்காது, தேய்ந்தால் மண் போட்டுச் சரிசெய்ய ஆளிருக்கும். நம் தாலுகாவில் கைவிடப்பட்ட தேயிலைச் சரிவுகள் எத்தனையோ கிடக்கின்றன. அதில் ஒன்றில் இப்படித் தடம் போட்டு, பராமரிப்பு வேலையை லயத்துப் பையன்களுக்குக் கொடுத்தால், சனிக்கிழமை கொச்சிக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுகிறவர்களில் நாலு பேராவது ஊரில் இருப்பார்கள்.

இது நடக்காத கதை இல்லை. குமுளியில் நடந்திருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்தில் வயணப் பட்டையை (காட்டு லவங்கப்பட்டை) திருட்டுத்தனமாக உரித்துக்கொண்டிருந்தவர்களையும் வேட்டைக்குப் போனவர்களையும் கூப்பிட்டு, சூழல் மேம்பாட்டுக் குழு அமைத்து, வழிகாட்டிகளாக்கினார்கள். காட்டை அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. அவர்கள் கூட்டிப்போகிற நடையில் எத்தனை பேர், எந்த வழி, எப்போது நிற்க வேண்டும் என்பதை அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். சைக்கிளுக்கும் அப்படி ஒருவர் முன்னால் போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பேட்டரி சைக்கிள் ஒன்று இப்போது சேர்ந்திருக்கிறது. மூச்சு வாங்கினால் திரும்பிவிடும் ஆளை அது மேடு வரை கொண்டுபோய்விடும். அதை மோட்டார் வண்டியாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், ஜீப் ரோட்டைத் தாண்டி விடக் கூடாது. சரணாலயத்துக்குள் என்றால் 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி காலால் போனாலும் அனுமதி வேண்டும், அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஜூனில் என்ன பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். மழை பிடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. டிசம்பரில் சக்கரம் சறுக்கிய அந்த நாலடிக் கோடு, இருபதடி நீளமாக, முழங்கால் ஆழத்துக்குப் பிளந்து கிடந்தது. அதற்கு மேலே பாதை நேராக இறங்குவதால் மேட்டுத் தண்ணீர் முழுக்க அதில் விழுந்திருந்தது. பக்கத்திலேயே ஆட்கள் பள்ளத்தை விட்டு ஒதுங்கி நடந்து, தேயிலை வேரை மிதித்து இரண்டாவது பாதை ஒன்று உண்டாக்கியிருந்தார்கள். சக்கரம் தொடங்கியது, தண்ணீர் பெரிதாக்கியது, கால் அகலப்படுத்தியது. மூன்றையும் ஒரே இடத்தில் பார்த்தேன்.

விறகு சுமந்து வந்த அக்காவின் மகனும் அவன் கூட்டாளிகளும் நானுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போனோம். கொச்சிப் பையன்களில் ஒருவன் நம்பர் கொடுத்திருந்தான், கூப்பிட்டேன், மழைக்கோட்டோடு வந்து நின்றான். பிளவுக்குள் கல் அடுக்கி, மேலே மண் இட்டு மிதித்தோம். பிளவு தொடங்கிய இடத்துக்குப் பத்தடி மேலே பெரிய கல்லாகப் பார்த்துப் பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் பதித்தோம். எஸ்டேட்டில் முப்பது வருடம் வாய்க்கால் வெட்டிய பெரியவர் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நின்று, "இன்னும் சாய்டா, நேரா வெச்சா தண்ணி தாண்டிப் போயிரும்" என்று சொல்லிச் சொல்லி நாலு தடவை எடுத்து வைக்கச் செய்தார். அங்கிருந்து கீழே லயம் வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வருவோம் என்று அந்தப் பையன் சொன்னான். அக்கா எல்லோருக்கும் பால் இல்லாத கட்டஞ்சாயா போட்டு அனுப்பியிருந்தார்.

மூன்று நாள் கழித்து, இரவெல்லாம் பெய்த மழைக்குப் பிறகு, விடிந்ததும் போய்ப் பார்த்தேன். தண்ணீர் கல்லில் மோதி, வலப்பக்கம் திரும்பி, தேயிலைக்குள் இறங்கி வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது.